சாரல் மேல் பழி

சென்ற வருஷம் ஆனி மாதக் கடைசியில், எங்கள் செங்கோட்டை வீட்டை விற்பதற்காகப் புறப்பட்டுப் போனேன். விற்காமல் திரும்பி வந்தேன். அதோடு, கூடப் பிறந்த அண்ணனுடைய பேச்சுவார்த்தையையும் இழந்துவிட்டு வந்தேன். இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு கதவு.

பட்டாசலிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போகிற கதவு அது. கொஞ்ச காலமாகவே சரியாகச் சாத்துவதில்லை. தோளைக் கொடுத்து முட்டினால்தான் நிலையில் உட்காரும். திறக்கும்போது எருமைக்கன்று கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வீட்டை வாங்க வருகிறவர் காதில் அது விழக் கூடாது. ஓர் ஆசாரியை அழைத்துக் கதவை இழைத்துவிடு, சுவருக்கெல்லாம் ஒரு வெள்ளை அடித்துவிடு என்று அண்ணன் பம்பாயிலிருந்து உத்தரவு போட்டிருந்தான். பெண்ணுக்கு வரன் கூடும்போது முகத்துக்குப் பவுடர் போடுவதில்லையா, அது போலத்தான் என்று உபமானம் வேறு சொன்னான்.

செங்கோட்டையில் இருந்து பழகியவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று புறப்பட்டு வரும். மாவு சலித்த மாதிரி ஒரு தூறல். குற்றாலத்தில் அருவி விழுகிறது என்று ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ அப்பளம் பதத்துப் போகும், வேட்டி காயாது, தீக்குச்சி உரசினால் பற்றாது, கதவு பிடிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "சாரல்லா!" முட்டுவலி வந்தாலும் சாரல், மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சாரல். பழியைத் தாங்குவதற்கு இப்படி ஒரு ஆள் வருஷா வருஷம் தானாக வந்து நிற்கும் ஊர் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டில் தனியாக இருந்தவள் அத்தை. அப்பாவின் அக்காள். எண்பது வயசைத் தாண்டியவள். அந்தக் கதவுக்கு நேர் மேற்கே, மாடி அறையைத் தாங்குகிற மூன்றாவது உத்திரத்துக்குக் கீழே கட்டிலைப் போட்டுக்கொண்டு முப்பது வருஷமாகப் படுத்து வருகிறாள். நான் போய் இறங்கியதும், "ஏய்யா, வித்துப்போடத்தான் வந்தியோ?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அவளைப் பம்பாய்க்கு அழைத்துப் போவது என்று அண்ணன் முடிவு செய்திருந்தான். அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை ஆசாரி வந்தார். எழுபதை எட்டிக்கொண்டிருப்பவர். பையைக் கீழே வைத்தார், இழைப்புளியை எடுக்கவில்லை. கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்துக் கேட்டார்:

"அம்மா, பங்குனியிலே இந்தக் கதவு எப்படி இருந்துது?"

"அப்பவும் முட்டிக்கிட்டுத்தான் இருந்துது."

"அப்போ சாரலைச் சொல்லாதீய."

அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு விளங்கவில்லை. கேட்ட பிறகு விளக்கினார். மரம் ஈரக் காற்றில் தண்ணீரைக் குடித்து ஊதும். பங்குனி வெயிலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுருங்கும். சாரலில் பிடித்த கதவு பங்குனியில் விட வேண்டும். விடவில்லையென்றால் ஊதியது கதவு அல்ல, நிலை கோணிவிட்டது. அதை இழைப்பது, கால் பிசகினவனுக்குச் செருப்பை அறுத்துக் கொடுக்கிற வேலை. கதவுக்கும் மேல்நிலைக்கும் நடுவே இருக்கிற சந்தைக் காட்டினார். ஒரு பக்கம் விரல் நுழைகிற இடைவெளி. மறுபக்கம் காகிதம் நுழையாது. இத்தனை வருஷமாக அந்தக் கதவு வழியாகத்தான் நான் போய் வந்திருக்கிறேன். நாவலாசிரியன் என்றால் மனிதர்களைக் கூர்ந்து கவனிக்கிறவன் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கதவைக் கவனித்ததில்லை.

"மேலேயிருந்து என்னமோ அமுக்குது. அந்தப் படத்தைக் கழட்டுங்க" என்றார் ஆசாரி.

நிலைக்கு மேலே தாத்தாவின் படம். சரிகைத் தலைப்பாகையும் மீசையுமாக, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்த ஆணியில் தொங்குகிறது. கழற்றினேன். கையில் கனமே இல்லை. பின்பக்கத்து அட்டை முழுவதும் மண்ணாகி உதிர்ந்தது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு தலைப்பாகையும் பாதி மீசையும் மட்டும் மிச்சம் இருந்தன. படம் இருந்த இடத்தில் சுவரில் விரல் தடிமனுக்கு ஒரு மண் தடம் மேலே ஏறிப் போயிற்று. அதன் பக்கத்திலேயே, நிலையின் மூலையிலிருந்து சாய்வாக உத்திரத்தை நோக்கி ஒரு விரிசல்.

"செல்லு" என்றார் ஆசாரி.

மற்ற ஊர்களில் கறையான் என்பதை எங்கள் பக்கத்தில் செல் என்போம். அது வெளிச்சத்தில் வராது. காற்றுப் பட்டால் அதன் மெல்லிய உடம்பு உலர்ந்து செத்துப் போகும். ஆகவே போகிற வழியெல்லாம் மண்ணாலேயே கூரை போட்டுக்கொண்டு போகும். அதற்கு வேண்டியது இரண்டு: தின்ன மரம், குடிக்க ஈரம். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. மேற்குச் சுவருக்கு மேலே மாடித் தண்ணீர் இறங்குகிற தூம்பு, வேப்பஞ்சருகு அடைத்துக் கிடந்தது. தண்ணீர் வெளியே விழாமல் சுவருக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஓதம் படர்ந்து உப்புப் பூத்திருந்ததை நாங்கள் பார்த்தோம். அதற்கும் சாரல் என்று பெயர் வைத்துவிட்டோம். செம்மண் சாந்தில் கட்டிய பழைய சுவர் ஆனதால், செல்லுக்கு வெளியே தடம் போடவேண்டிய அவசியம்கூட அதிகம் இல்லை. தரையிலிருந்து சுவருக்குள்ளாகவே ராஜபாட்டை. வெளியே தெரிந்தது தாத்தாவின் படத்துக்குப் பின்னாலிருந்த அந்த முழ நீளம்தான்.

ஆசாரி ஏணியில் ஏறினார். கொட்டாப்புளியின் பிடியால் முதல் உத்திரத்தைத் தட்டினார். 'டங்' என்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை நடுவில் தட்டினார், நல்ல சத்தம்தான். அங்கிருந்து சுவரை நோக்கி ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனார். கடைசி இரண்டு சாணில் சத்தம் செத்துப் போயிற்று. 'பொத்' என்றது, நனைந்த தலையணையைத் தட்டின மாதிரி. இடுப்பிலிருந்து திருப்புளியை எடுத்து மெல்ல அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது ஈர மண்ணும் சில வெள்ளைப் புழுக்களும் அத்தையின் கட்டில் மேல் உதிர்ந்தன.

அதுவரை அந்த உத்திரம் எங்கள் கண்ணுக்கு அம்சமாக இருந்தது. என் கல்யாணத்துக்கு அடித்த காப்பிக்கொட்டை நிற எனாமல் பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. செல்லுக்குப் பெயிண்ட் ருசிக்காது போலும். உள்ளே இருப்பதையெல்லாம் தின்றுவிட்டு, மேல்தோலை எங்களுக்கு விட்டு வைத்திருந்தது.

ஏன் சுவரோரத்தில் மட்டும் என்று கேட்டேன். உத்திரத்தின் நடுப்பாகம் காற்றாட இருக்கும்; ஈரம் பட்டாலும் உலர்ந்துவிடும். சுவருக்குள் புதைந்த முனைக்குக் காற்று கிடையாது. சுவர் நனைந்தால் அந்த முனை நனைந்தே கிடக்கும். பாரம் முழுவதும் உட்கார்ந்திருப்பதும் அதே முனையில்தான். பழைய வேலைக்காரர்கள் முனைக்குத் தார் பூசுவார்கள், முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவார்கள். இதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

எனக்கு இன்னொன்று புரியவில்லை. முதல் இரண்டு உத்திரமும் கல் மாதிரி இருக்க, மூன்றாவது மட்டும் எப்படி? மூன்றும் ஒரே நிறம். ஒரே குலம் என்றுதான் எண்ணியிருந்தோம். ஆசாரி ஓர் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். முதல் இரண்டும் கோங்கு. தாத்தா வீடு கட்டினபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல்தான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. திருவிதாங்கூரில் தேக்கு ராஜமரம். சொந்த நிலத்தில் நின்றாலும் சர்க்கார் உத்தரவில்லாமல் வெட்ட முடியாது. அதனால் தாத்தா கதவுக்கு அயனியும் உத்திரத்துக்குக் கோங்கும் போட்டார். வைரம் பாய்ந்த கோங்கில் செல் வாய் வைக்காது. மூன்றாவது மரமோ முற்றாத மரம்; வெளிறு கழிக்காமல் அறுத்தது. வெளிறு என்பது மரத்தின் வெளிப்புற இளம் பகுதி. செல்லுக்கு அது சர்க்கரைப் பொங்கல்.

"அதை உங்கப்பன்லா போட்டான்" என்றாள் அத்தை, கட்டிலை உதறிக்கொண்டே. "மாடி அறை எடுத்த வருஷம். அதே வருஷந்தான் என் மகள் கல்யாணம். கையிலே இருந்ததை எல்லாம் அதுக்குத் தந்துட்டான். மரக்கடைக்குப் போனவன் எது கெடைச்சுதோ அதைத் தூக்கிட்டு வந்தான்."

எனக்கு உடனே ஒரு காட்சி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தை மாதமும் பொங்கலுக்கு வெள்ளை அடிப்பதற்கு முன்னால், அப்பா ஒட்டடைக்கம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு உத்திரமாகத் தட்டிக்கொண்டு போவார். பல்லி விரட்டுகிறார் என்று நாங்கள் நினைப்போம். முதலாவதில் ஒரு தட்டு, இரண்டாவதில் ஒரு தட்டு. மூன்றாவதில் மட்டும் நின்று, சுவரோரமாகப் போய் இரண்டு மூன்று தடவை தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அவர் காலமான பிறகு வெள்ளை மட்டும் தவறாமல் அடித்தோம்.

அன்றைக்கே ஒரு கொத்தனாரையும் வரவழைத்தோம். அவர் ஆசாரியைவிடப் பேசுகிறவர். முதல் காரியமாக உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். பிறகு கொத்தனார் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு ஓரமும் சாந்து வைத்து ஒட்டி, கீழே கரித்துண்டால் தேதி எழுதினார். விரிசல் பழையது, ஆடாமல் கிடக்கிறது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். சுவர் இன்னும் நகர்கிறது என்றால் அது தெறித்துவிடும். முட்டுக் கொடுத்த பிறகும் நகர்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். மண் தடத்தில் ஒரு சாண் அளவு ஆசாரி சுரண்டி விட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், உள்ளே ஆள் இருக்கிறதா, வீட்டைக் காலி செய்து போய்விட்டதா என்று தெரியும்.

இந்தச் சந்தர்ப்பத்தில் எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வைத்தியரைக் கண்டால் இல்லாத வியாதியெல்லாம் சொல்லத் தோன்றுமே, அப்படி. சின்ன வயசில் பட்டாசலில் எங்கே கோலிக்குண்டை விட்டாலும் அது வடமேற்கு மூலைக்குத்தான் ஓடும் என்று கொத்தனாரிடம் சொன்னேன். அவர் ஒரு கோலியை வாங்கி விட்டுப் பார்த்தார், ஓடிற்று. "இது உங்க தாத்தா காலத்திலேயே உக்காந்த தரை. உக்காந்தது உக்காந்ததுதான், பயமில்லை" என்று சொல்லிவிட்டார். சுவர்ப் பூச்சில் மயிரிழை மயிரிழையாக இருந்த கீறல்களையும் ஒதுக்கினார்; அவை காரை காய்ந்தபோது விழுந்தவை. புறவாசல் சுவரில் முளைத்திருந்த, நான் அழகு என்று நினைத்த, அரசங்கன்றுக்கு முன்னால்தான் நின்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு வருஷமும் அதை ஒடித்து ஒடித்து விட்டிருக்கிறோம். ஒடிக்க ஒடிக்க வேர் தடித்துச் சுவரைப் பிளந்துகொண்டு போயிருக்கிறது.

மாடி அறையில் என் புத்தக அலமாரியைத் திறந்தோம். என் இரண்டாவது நாவலின் பிரதிகள், விற்காமல் கட்டாக வந்தவை, அங்கே இருந்தன. வாசகர்கள் தொடாததைச் செல் தொட்டிருந்தது. அட்டை முதல் அட்டை வரை ஒரு வரி விடாமல் படித்திருந்தது.

சுரண்டிய இடத்தை இரண்டாம் நாள் பார்த்தேன். புத்தம் புது ஈர மண்ணால் அழகாக மூடியிருந்தது.

அன்று இரவு அண்ணனுக்குப் போன் செய்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "வாங்குறவர் ஏற்கெனவே வந்து பார்த்தாச்சு. பிடிச்சுப்போய் முன்பணமும் கொடுத்தாச்சு. உத்திரத்து முனையைக் காட்டுன்னு அவர் கேட்டாரா?" என்றான்.

"கேட்கவில்லை."

"அப்புறம் என்ன? முட்டை எடுத்துட்டு, சாந்து வச்சுப் பூசி, பெயிண்ட் அடி. பத்திரம் முடியட்டும். அவர் இடிச்சுக் கட்டினாலும் கட்டுவார்."

அண்ணன் கெட்டவன் அல்ல. அவன் மகனுடைய படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் அந்தப் பணம் வேண்டாம் என்றில்லை. அவன் சொன்னதில் பாதி, நான் அந்த இரண்டு நாளும் எனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டதுதான். ஆனால் வாங்க வந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தை அப்படியே இந்த வீட்டில் போடுகிறார். வந்து பார்த்த அன்று அத்தையின் கட்டில் கிடந்த இடத்தைக் காட்டி, "காத்து நல்லா வருது. என் தாயாரை இங்கே படுக்க வைக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் அதைக் கேட்கவில்லை. நான் கேட்டிருந்தேன்.

அண்ணனுக்கு எந்தப் பதிலும் சொல்லாமல் சென்னைக்கு வந்துவிட்டேன். கண்ணாடியைத் தினமும் பார்த்துச் சொல்லும்படி அத்தையிடம் ஒப்படைத்திருந்தேன். கட்டிலைத் தார்சாவுக்கு மாற்ற அவளைச் சம்மதிக்க வைப்பதற்கே ஒரு பகல் போயிற்று.

பயம் பிடித்தவனுடைய படிப்பு தனி ரகம். சென்னையில் இருந்த நாட்களில் கண்டதையெல்லாம் தேடிப் படித்தேன். காளஹஸ்திக் கோயிலில் 1516-இல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ராஜகோபுரம் 2010 மே 26-ஆம் தேதி பொலபொலவென்று சரிந்ததே, அதிலும் விரிசல் முன்பே தெரிந்ததுதான். அது அகலமாவதைக் கண்டு ஜனங்களை அப்புறப்படுத்தியதால் உயிர்ச்சேதமில்லாமல் போயிற்று. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மரக்கூரை பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் போட்டது. உலகமே அண்ணாந்து பார்த்து வியந்த வேலை. 1913-இல் ஏறிப் பார்த்தபோது, பெரிய பெரிய ஓக் மரங்கள் உள்ளே பொந்தாகிக் கிடந்தன. அங்கே செல் அல்ல, ஒரு வகை வண்டு. இரும்பு கொடுத்து அதைத் தாங்கி முடிக்க 1923 ஆயிற்று. அந்த வண்டு துணையை அழைப்பதற்காக மரத்தில் தலையை முட்டிச் சத்தம் செய்யுமாம். சாகக் கிடப்பவர்களின் பக்கத்தில் இரவில் விழித்திருப்பவர்கள் காதில் அது விழுந்து, அதற்குச் சாவுக் காவல் வண்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் செல்லிலும் காவல்காரச் செல், கலைத்துவிட்டால் தலையை மரத்தில் அடித்து மற்றவற்றை எச்சரிக்கும். ஒன்றும் சொல்லாமல் நடந்தது என்று வீட்டைக் குறை சொல்ல முடியாது போலிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் அளந்தேன். "பழைய வீடு என்றாலே தலைவலி சார், புதுசாக வாங்கிவிட வேண்டும்" என்றார். 2014 ஜூன் 28-ஆம் தேதி மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் கட்டி முடிவதற்குள் விழுந்து 61 பேர் இறந்ததை ஞாபகப்படுத்தினேன். பேச்சை மாற்றிவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலையில் அத்தையிடமிருந்து போன். "ஏய்யா, கண்ணாடி தெறிச்சுட்டு."

அன்றைக்கே ஆசிரியருக்குப் பேசினேன். "சார்வாள், நீங்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றேன். இரண்டு நாள் கழித்துச் செங்கோட்டையில் சந்தித்தோம். ஆசாரி ஏணியைப் போட்டார். ஆசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே ஏறினார். திருப்புளியை வாங்கித் தாமே அழுத்திப் பார்த்தார். இறங்கி வந்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "நானும் மேலே பார்த்தேனே. பெயிண்ட் நல்லா இருந்துதே!" என்றார் கடைசியில். அவருக்கு என் மேல் நன்றியா, கோபமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டார்.

அண்ணனிடம் சொன்னேன். "நீ நாவல் எழுதுகிறவன். உனக்கு இதெல்லாம் கட்டுப்படியாகும்" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

மேற்குச் சுவரில் பாதியைப் பிரித்தார்கள். முதலில் தூம்பைச் சரிசெய்து, சுவரை உலரவிட்டார்கள். மூன்றாவது உத்திரத்தை எடுத்துவிட்டு இரும்பு உத்திரம் போட்டார்கள். சுவரோரம் தரையில் துளை போட்டு மருந்து விட்டார்கள். செலவைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரைக்கு வருகிற சன்மானத்தைப் பத்திரிகாசிரியர் உயர்த்துவார் என்றால் எழுதலாம். கார்த்திகையில் ஒரு நாள், என் கணக்கில் அதில் சரிபாதித் தொகை வந்து விழுந்திருந்தது. அண்ணன் அனுப்பியிருந்தான். ஒரு வரி எழுதவில்லை.

கழற்றிய உத்திரத்தின் நல்ல பாகத்தில் அத்தைக்கு ஒரு பலகை போட்டுத் தருவதாக ஆசாரி சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். தம்பி போட்ட மரம், அடுப்பிலும் வைக்காதே என்று சொல்லிவிட்டாள். புறவாசலில் கிடக்கிறது.

கட்டில் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வீட்டை விற்கிற பேச்சை இப்போதைக்கு யாரும் எடுக்கவில்லை. தை மாதம் நான் போயிருந்தபோது ஒட்டடைக்கம்பைத் திருப்பிப் பிடித்து முதல் உத்திரத்தையும் இரண்டாவதையும் தட்டினேன். மூன்றாவது இரும்பு என்பது தெரிந்தும், கை தானாக அங்கே போய் இரண்டு தட்டுத் தட்டிற்று. அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. சாரல் நன்றாகப் பிடித்துவிட்டதாம். ஐந்தருவியில் கூட்டம் சொல்லி முடியாதாம்.

"கதவு பிடிக்குய்யா" என்றாள்.

என் வயிற்றில் ஏதோ செய்தது. உடனே ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: மேலே சந்து இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் இருக்கிறது. இழைக்க வேண்டாம். பங்குனி வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம்.